எழுதி எரிக்கச் சொல்கிறார்கள்

மனசில் இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுது. எழுதி முடித்ததும் கிழித்துப் போடு, இல்லையென்றால் கொளுத்திவிடு. பாரம் இறங்கிவிடும். கல்லூரிகளுக்கு ஆலோசனை சொல்ல வருகிறவர்கள் நம் பிள்ளைகளிடம் இன்றைக்கு இப்படித்தான் சொல்கிறார்கள். விடுதி அறையில் தூக்கம் வராமல் புரண்டு கிடக்கிறவனுக்கும் இதே மருந்துதான். வகுப்பில் 'என்ன, கோட்டாவா?' என்று கேட்கப்பட்டுக் குமைந்துபோனவளுக்கும் இதே மருந்துதான். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எழுதினால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்பதும் பொய்யில்லை. எனக்கு வழக்கு 'எழுது' என்பதோடு இல்லை, 'எரி' என்பதோடுதான். ஒரு தலித் தன் வேதனையை எழுதிய தாளை எரித்துவிட்டால் யாருக்கு நிம்மதி? எழுதியவளுக்கா, அந்த வேதனையைக் கொடுத்தவனுக்கா?

இந்தக் கேள்விக்கு மனோதத்துவப் புத்தகத்தைவிட நம்முடைய வரலாறு நல்ல பதில் வைத்திருக்கிறது. தங்கள் பாரத்தைத் தாளில் இறக்கியவர்கள் நம்மிலும் நம்மைப் போல மிதிக்கப்பட்ட பிற நாட்டுச் சனங்களிலும் நிறையப் பேர். அவர்கள் அந்தத் தாளை என்ன செய்தார்கள் என்று பார்த்தாலே போதும்.

நோட்டு வருவதற்கு முன்னால் நம்ம பொம்பளைங்களுக்கு ஒப்பாரி இருந்தது. எழவு வீட்டில் செத்தவரைப் பார்த்து அழுகிற மாதிரி அழுது, உயிரோடு இருக்கிறவர்கள்மேல் உள்ள அத்தனை ஆத்திரத்தையும் அதில் கொட்டிவிடலாம். கட்டிக்கொடுத்த இடத்தில் பட்ட அடி, கூடப்பிறந்தவன் செய்த துரோகம், ஆண்டை வீட்டுக் களத்தில் கேட்ட பேச்சு, எல்லாம் அதில் வரும். மற்ற நாளில் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். எழவில் சொன்னால் வாயை மூடு என்று யாரும் சொல்ல முடியாது. அழுது முடித்தவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் வேலையைப் பார்ப்பாள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அவள் தனியாக அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே அழ நாலு பேர் இருந்தார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமத்து விவசாயக் கூலி வீரம்மா இப்படிப் பாடுவதில் கைதேர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத அவர் ஆண்டுக்கணக்கில் ஜோசியான் ராசினிடம் சொல்லச் சொல்லப் பதிவான வாழ்க்கைக் கதை 1995இல் பிரெஞ்சு மொழியில் புத்தகமாக வந்தது.

அதே புதுச்சேரியில் அதற்கு 250 வருசத்துக்கு முன்னால் ஒருவர் தினமும் எழுதிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய 'தினப்படி சேதிக்குறிப்பு' எம்.ஏ. தமிழ் படித்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். கப்பல் வந்தது, சரக்கு விலை, யுத்தச் சேதி என்று கணக்குப் புத்தகம் போலத் தெரிந்தாலும் மனுசன் தன் மனக்கொதிப்பையும் அதில்தான் கொட்டியிருக்கிறார். டூப்ளேயின் மனைவிமேல் இருந்த ஆத்திரத்தை நேரில் காட்ட முடியுமா? பதவி போய்விடும். ராத்திரி வீட்டுக்கு வந்து நோட்டில் காட்டினார். பாரத்தை இறக்கி வைக்கிற எழுத்து நமக்கு மேல்நாட்டிலிருந்து வந்த புதுச் சங்கதி ஒன்றும் இல்லை.

எங்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் சொல்லாமல் விட்ட ஒரு சேதி அந்தக் குறிப்பில் இருக்கிறது. 1745 அக்டோபர். புதுச்சேரி சம்பா கோயிலில் பறையர் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம் என்று நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். சேரிச் சனங்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள். எல்லாரும் உங்கள் சீடர்கள்தானே, எங்களை மட்டும் ஏன் தள்ளி வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளை இதை ஊர்ச் சேதியாக எழுதி வைத்திருக்கிறார், நமக்கு உபயோகம்தான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பூசை கேட்டவனின் நெஞ்சு எப்படி எரிந்தது என்பது அவர் பேனாவுக்கு எட்டாத விசயம். எழுத்து கையில் இருந்தவனுடைய சிடுசிடுப்புகூட 12 பாகமாக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. எழுத்து இல்லாதவனுடைய வேதனை, அடுத்தவன் நோட்டில் ஒரு நாள் சேதியாகிப் போனது. தாளை எரிக்கச் சொல்லும்போது எனக்கு ஏன் சுருக்கென்கிறது என்பது இதில் கொஞ்சம் விளங்கும். நம்மிடம் எரிக்கிற அளவுக்குத் தாள் இல்லை.

நம்மவர் கையால் எழுதிய தாள் என்று தேடினால் இரட்டைமலை சீனிவாசனிடம் வந்து நிற்க வேண்டும். 1893இல் 'பறையன்' என்று பேர் வைத்தே பத்திரிகை நடத்தியவர். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு உட்கார்ந்தவர். எண்பது வயதை நெருங்கும்போது 1939இல் 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்' வெளியிட்டார். பேரிலேயே சுருக்கம். பொதுவாழ்க்கையைத்தான் அதிகம் சொல்கிறார், தன்னைப் பற்றிப் பேசுகிற இடம் குறைவு. அந்தக் குறைவான இடத்தில் கோயம்புத்தூர்ப் படிப்பு வருகிறது. மாணவர் சுமார் 400 பேரில் பத்துப் பேர் போக மற்றவர்கள் பிராமணர்கள். யாரோடும் சிநேகம் வைத்தால் சாதி தெரிந்துவிடும், வீடு எங்கே, சொந்தக்காரர் யார் என்று கேள்வி வரும். அதனால் பள்ளிக்கூடத்துக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து மணி அடித்த பிறகு உள்ளே போவாராம். விட்டதும் யாரும் கூட வராதபடி விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிடுவாராம்.

அவ்வளவுதான் எழுதுகிறார். அழுததாகச் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. பத்திரிகை நடத்தினவர், மாநாடு கூட்டினவர், பிரிட்டிஷ் மன்னரைப் பார்த்தவர். அத்தனைக்கும் பிறகும் மணி அடிக்கும் வரை வெளியே உட்கார்ந்திருந்த அந்தப் பையன் அவருக்குள்ளேயே இருந்திருக்கிறான். அறுபது வருசம் கழித்து அவனை நாலைந்து வரியில் இறக்கி வைக்கிறார். இன்றைக்கு நகரத்து விடுதிகளில் பேரைச் சொல்லிவிட்டு ஊரைச் சொல்லாமல் மழுப்புகிற பிள்ளைகள் எத்தனை பேர்? அந்த நாலைந்து வரியை அவர்களிடம் படித்துக் காட்டினால் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். 'அவரும்மா?' என்று கேட்பார்கள். இரட்டைமலையார் தாளை எரித்திருந்தால் இந்தக் கேள்வி பிறக்காது.

அண்ணல் அம்பேத்கர் எழுதியவற்றில் அவருடைய சட்ட நூல்களையும் பொருளாதார நூல்களையும் தெரிந்தவர்களில் பாதிப்பேர்கூட 'விசாவுக்காகக் காத்திருத்தல்' பற்றி அறிந்திருக்க மாட்டார்கள். கையெழுத்தாகவே கிடந்த சிறிய படைப்பு. மக்கள் கல்விக் கழகம் 1990இல் அதை வெளியிட்டது, அண்ணல் மறைந்து 34 வருசம் கழித்து. 1901இல் அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகள் தனியாகக் கோரேகாவ் புறப்பட்டுப் போனது, மகார்ப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் மறுத்தது, ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் கழிந்தது எல்லாம் அதில்தான் இருக்கிறது. பிறகு பரோடா. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவருக்கு ஊரில் தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பேரை மாற்றிச் சொல்லித் தங்குகிறார். யாருமே இல்லாத மாடி, இருட்டு, வௌவால். பதினொரு நாள் கழித்துப் பார்சிகள் ஒரு கூட்டமாகத் தடியோடு வந்து வழிமறித்து வெளியேறச் சொல்கிறார்கள்.

பதினெட்டு வருசம் ஆகியும் அந்தக் காட்சி மங்கவில்லை, நினைக்கும்போதெல்லாம் கண்ணில் நீர் வருகிறது என்று அண்ணல் எழுதுகிறார். அந்தப் பதினெட்டை வைத்துத்தான் இந்தப் படைப்பு 1935-36 வாக்கில் எழுதப்பட்டது என்று கணக்கிடுகிறார்கள். பாருங்கள், ஒரு மனிதன் எந்த வருசம் எழுதினான் என்பதை அவன் கண்ணீரை வைத்துக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. 1935 என்றால் இயோலாவில் 'இந்துவாகச் சாகமாட்டேன்' என்று அறிவித்த வருசம். மேடையில் அந்த அறிவிப்பு. தனித்தாளில் இந்தக் கண்ணீர். இரண்டும் வேறுவேறு ஆளுடையது இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது அண்ணலின் சொந்தக் கதை மட்டும் இல்லை. கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவி பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலில் கிடக்கிறாள். வைத்தியர் தொட மாட்டேன் என்கிறார். வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவனிடம் கொடுக்கிறார், கணவன் மனைவிக்கு வைக்கிறான். அவள் செத்துப்போனாள். 1929இல் அந்த ஆசிரியர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தை அண்ணல் தன் கதைக்குப் பக்கத்தில் வைக்கிறார். தீண்டாமை என்றால் என்னவென்று வெளிநாட்டாருக்குப் புரிய வைக்கத்தான் இதையெல்லாம் எழுதுவதாக முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஆக, மறப்பதற்காக எழுதினது இல்லை. யார் கையிலாவது கொடுப்பதற்கு எழுதினது.

எழுத்தால் மனசு ஆறுமா என்பதை ஆராய்ச்சி செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1986இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இருவர் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிசம் எழுத வைத்தார்கள். ஒரு பகுதியினர் சாதாரண விசயங்களை எழுதினார்கள். மற்றவர்கள் வாழ்க்கையில் பட்ட பெரிய காயத்தை எழுதினார்கள். என்ன நடந்தது என்பதையும் அப்போது மனசில் என்ன ஓடியது என்பதையும் சேர்த்து எழுதினவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. இதைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். எழுதின அந்த நேரத்தில் அதே மாணவர்களின் மனநிலை மோசமானது, ரத்த அழுத்தம் ஏறியது என்ற இன்னொரு பாதியை அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஓம்பிரகாஷ் வால்மீகி இந்த இன்னொரு பாதியைத் தன் உடம்பில் அனுபவித்துச் சொன்னவர். 1997இல் வந்த 'ஜூட்டன்' முன்னுரையில், எழுதும்போது பட்ட பாட்டையெல்லாம் திரும்ப ஒருமுறை பட வேண்டியிருந்தது என்கிறார். பள்ளிக்கூடத்தில் படிக்க உட்காரவிடாமல் நாள்கணக்கில் கூட்ட வைத்தார்களே, அந்த விளக்குமாற்றைத் திரும்பக் கையில் எடுக்காமல் அதை எழுத முடியாது. போதாததற்கு நண்பர்கள் வேறு, உன்னை நீயே ஏன் அம்மணமாக்கிக்கொள்கிறாய் என்று கேட்டார்கள்.

பாதையோரத்துச் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். ஒத்தை ஆளாகத் தலைச்சுமை கொண்டு போகிறவனுக்கு இறக்கி வைக்கவும் தூக்கிவிடவும் ஆள் இல்லை. தலை உயரத்துக்கு இருக்கிற அந்தக் கல்மேல் சுமையைத் தள்ளிவிட்டு மூச்சு வாங்கிக்கொள்வான். பிறகு தலையைக் கொடுத்து அவனே எடுத்துக்கொண்டு போக வேண்டும். தனி நோட்டு செய்கிற வேலை இவ்வளவுதான். இதுவும் பெரிய உபகாரம்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சுமை யாருடையது? மூட்டையைக் கட்டித் தலையில் ஏற்றினவன் ஊருக்குள்ளே வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கிறான். மனசைச் சுத்தம் பண்ணிக்கொள் என்று சொல்கிறவர்கள் அவனை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

மராட்டியத்தில் பல்டணில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் பேபி காம்ளே. மகார்ப் பெண். பதின்மூன்று வயதில் கல்யாணம். சாமான் மடிக்க வாங்கின பழைய பேப்பரைப் படித்துப் படித்து வாசிக்கிற பழக்கத்தை வளர்த்துக்கொண்டவர். கடையில் ஆள் வராத நேரத்தில் எழுதுவார். எழுதினதைக் கணவரும் மகனும் பார்த்துவிடக் கூடாதென்று பழைய காகிதங்களுக்கு அடியில் ஒளித்து வைப்பார். இருபது வருசம் ஒளித்து வைத்தார். அயலூர் ஆய்வாளர் மாக்சின் பெர்ன்ட்சன் கண்டுகொண்டு தூண்டிய பிறகு 1982இல் 'ஸ்த்ரீ' இதழில் தொடராக வந்து பிறகு 'ஜிண ஆமுச்ச' என்ற புத்தகமானது. 'எங்கள் வாழ்க்கை' என்று பேர், 'என் வாழ்க்கை' இல்லை. மகார்வாடாவின் பசி, பேய் பிடித்து ஆடுகிற பெண்கள், மருமகளை மாமியார் படுத்துகிற பாடு, பாபாசாகேப் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பின தாய்மார்கள் என்று ஒரு சேரியே அதில் இருக்கிறது.

ஆனால் கணவர் தன்னைச் சந்தேகப்பட்டு அடித்ததை அவர் அந்தப் புத்தகத்தில் எழுதவில்லை. மொழிபெயர்ப்பாளர் மாயா பண்டிட் பிற்பாடு எடுத்த பேட்டியில்தான் அது வருகிறது. சமூகத்தின் வேதனையைச் சொல்வதே தனக்கு முக்கியமாக இருந்தது என்கிறார். நம் இயக்கத் தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 'எங்கள்' என்று எழுதுவது நமக்குப் பலம். அந்தப் பலத்துக்குள்ளே ஒரு பொம்பளையின் 'என்' இருபது வருசம் ஒளித்துவைத்த நோட்டிலும் எழுதப்படாமல் போகிறது. யாருக்குப் பயந்து நோட்டை ஒளித்தாரோ அவர் மேல்சாதிக்காரர் இல்லையே. வீட்டு ஆம்பளைதானே?

இதே போல இன்னொருத்தி. கடல் தாண்டி, பிரேசிலில். கறுப்பினப் பெண் கரோலினா மரியா தெ ஜெசுஸ். அந்த நாட்டில் அடிமை முறை 1888இல்தான் ஒழிந்தது; அடிமைகளின் வழிவந்த குடும்பத்தில் 1914இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது இரண்டு வருசம். சாவோ பாவ்லோ நகரத்தில் கனிந்தே என்ற குடிசைப்பகுதியில் தகரத்தாலும் பலகையாலும் தானே கட்டின குடிசை. மூன்று பிள்ளைகள், ஆம்பளைத் துணை கிடையாது. குப்பையில் காகிதம் பொறுக்கிப் போட்டுக் கிடைக்கிற காசில் அன்றன்றைக்குக் கஞ்சி. பொறுக்குகிற காகிதத்தில் வெள்ளைப் பக்கம் மிச்சமிருக்கிற நோட்டு கிடைத்தால் அதை விற்க மாட்டார். அதில் எழுதுவார்.

அச்சான நாட்குறிப்பு 1955 ஜூலை 15இல் தொடங்குகிறது. அன்று மகளுக்குப் பிறந்தநாள். ஒரு ஜோடி செருப்பு வாங்கித் தர ஆசை, காசில்லை. குப்பையில் கிடைத்த ஒரு ஜோடியைக் கழுவித் தைத்துக் கொடுக்கிறார். இப்படியேதான் புத்தகம் முழுக்க. விடியும் முன் தண்ணீர்க் குழாயடியில் வரிசை, எத்தனை கிலோ காகிதம், எவ்வளவு காசு, அரிசி என்ன விலை, பக்கத்துக் குடிசையில் என்ன சண்டை. பசிக்கு மஞ்சள் நிறம் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் இவர்தான். எழுதும்போது மட்டும் குடிசையை மறந்து மாளிகையில் இருப்பதுபோல இருந்தது என்கிறார். எழுத்தால் பாரம் இறங்குகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதே கரோலினா பக்கத்துக் குடிசைக்காரர்களை அதே நோட்டைக் காட்டி மிரட்டவும் செய்வார். உன் பேரைப் புத்தகத்தில் போட்டுவிடுவேன்! 1958இல் செய்தி சேகரிக்கப் போன அவுதாலியோ தாந்தாஸ் என்ற பத்திரிகையாளர் காதில் விழுந்தது இந்த மிரட்டல்தான். பிள்ளைகள் விளையாடுகிற ஊஞ்சலைத் தடிமாடு மாதிரி ஆம்பளைகள் பிடித்துக்கொண்டதற்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே நோட்டு மாளிகையாகவும் இருந்தது, தடியாகவும் இருந்தது.

தாந்தாஸ் சுருக்கித் தொகுத்து 1960 ஆகஸ்டில் புத்தகம் வந்தது. 'தட்டுமுட்டுச் சாமான் அறை' என்று அர்த்தம் வருகிற தலைப்பு. நகரம் வரவேற்பறை, எங்கள் குடிசைப்பகுதி வேண்டாததைப் போட்டு வைக்கிற அறை என்பது அவருடைய கணக்கு. முதல் பதிப்பு 10,000 பிரதி ஒரு வாரத்துக்குள் தீர்ந்தது. பல மொழிகளுக்குப் போனது. கரோலினா சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கனிந்தேயை விட்டுக் கிளம்பின அன்று அக்கம்பக்கத்தார் கல்லால் அடித்தார்கள். அவர்கள் குடும்பச் சண்டையெல்லாம் ஊர் படிக்கப் போட்டுவிட்டாளே! செங்கல் வீடு வாங்கினார். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வசதியான சனங்களும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1961இல் அந்த வாழ்க்கையைப் பற்றி அடுத்த புத்தகம் எழுதினார். அதைச் சீந்த ஆளில்லை. குப்பை பொறுக்குகிறவளின் பசியைக் காசு கொடுத்து வாங்கின சனம், செங்கல் வீட்டுக் கறுப்பியின் கோபத்தை வாங்கவில்லை. நகரத்தின் ஓரத்துக்குப் போய்க் கோழி வளர்த்துக் காய்கறி போட்டுப் பிழைத்து 1977இல் செத்துப்போனார்.

நம் பக்கம் 1992இல் 'கருக்கு' வந்தது. பாமா கன்னியர் மடத்தில் ஏழு வருசம் இருந்துவிட்டு வெளியே வந்த நேரம். கையில் வேலை இல்லை, காசு இல்லை, திரும்பிப் போக இடம் இல்லை. ஏழைச் சனத்துக்குச் சேவை செய்யப்போன இடத்தில் சாதியைக் கண்டு மனசு வெறுத்து வந்தவர். நினைவில் இருக்கிறதை எழுது என்று ஒரு பாதிரியார் தோழர் சொல்ல, தன் காயம் ஆறுவதற்காகவே எழுதினார், அச்சுக்கென்று எழுதவில்லை என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அப்புறம் மதுரையிலிருந்து அது புத்தகமாக வந்தது. அதில் வருகிற பேச்சைப் பார்த்து இதெல்லாம் தமிழா, இலக்கியமா என்று கேட்டார்கள் இலக்கிய ஜாம்பவான்கள். தன் சனம் பேசுகிற பேச்சில் அழாமல், வேறு யார் பேச்சில் அழுவதாம்? எழுத்துத் தமிழில் திருத்தமாக அழுதால்தான் செல்லும் என்றால் ஒப்பாரி பாடின கிழவிகள் எல்லாம் ஊமையாகத்தான் செத்திருக்க வேண்டும்.

பாமாவுக்கும் கல்லடி போல ஒன்று விழுந்தது. ஊர்ப்பேரும் ஆட்களும் அடையாளம் தெரிகிறதென்று சொந்த ஊரே கோபித்துக்கொண்டது. சில மாதம் ஊருக்குள் போக முடியவில்லை. ஆனால் கரோலினாவுக்கு நேராதது ஒன்று பாமாவுக்கு நேர்ந்தது. படித்த இளைஞர்கள் ஊர்க்காரர்களுக்குப் படித்துக் காட்டினார்கள், இது நம்மைக் கேவலப்படுத்த எழுதினது இல்லை என்று விளக்கினார்கள். கோபம் மாறியது. இரண்டு புத்தகத்துக்கும் நடுவே இருந்த வித்தியாசம் எழுத்துத் திறமை இல்லை. பாமாவைச் சுற்றி ஒரு இயக்கம் இருந்தது. அண்ணல் நூற்றாண்டை ஒட்டி 1990களின் தொடக்கத்தில் எழும்பிய தலித் எழுச்சியும் பத்திரிகைகளும் வாசகர் வட்டங்களும் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கின. கரோலினாவைச் சுற்றிக் கூட்டம் இருந்தது, இயக்கம் இல்லை. பிற்பாடு நம்மில் ராஜ் கௌதமன் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) எழுதினார், கே.ஏ. குணசேகரன் 'வடு' (2005) எழுதினார். காயத்துக்குப் பேர் வைக்கிற துணிச்சல் ஒவ்வொருத்தராகத் தொற்றியது.

வாங்கிக்கொள்ளக் கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா 2015 டிசம்பர் 18 அன்று துணைவேந்தருக்கு ஒரு கடிதம் எழுதினார். கசப்பும் கிண்டலுமான கடிதம். ஆனால் தலித் மாணவர்கள் வளாகத்தில் படுகிற பாட்டை அதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. பதில் வரவில்லை. விடுதியை விட்டுத் தள்ளப்பட்டுத் திறந்த வெளியில் படுத்துக் கிடந்தார்கள். 2016 ஜனவரி 17 அன்று அவர் எழுதின கடிதம் உலகம் முழுக்கப் போனது. எழுத்தாளனாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் எழுதின கடைசிக் கடிதத்தைத்தான் எல்லாரும் படித்தார்கள். டிசம்பர் கடிதத்தைப் படிக்க வேண்டியவர் அதைப் படித்துப் பதில் போட்டிருந்தால்? அவருக்கு நோட்டு கொடுத்து எழுதி எரி என்று யாராவது புத்தி சொல்லியிருந்தால் அது என்ன மருந்து?

எங்கள் பக்கத்தில் சில வருசமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்துப் பட்டறை நடத்துகிறோம். ஒரு அக்கா, துப்புரவு வேலை, ஒப்பந்தக் கூலி, ஆறாம் வகுப்பு வரை படித்தவர். நாற்பது பக்க நோட்டில் தேதி, எந்தத் தெரு, யார், என்ன சொன்னான், எத்தனை நாள் கூலி பிடித்தான் என்று கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தார். மனசில் பட்டதையும் எழுதுங்கக்கா என்றேன். 'அழுவுறதெல்லாம் எழுதல தம்பி, கணக்குத்தான் எழுதுறேன். எழுதிட்டா ராத்திரி தூக்கம் வருது' என்றார். வட்டமாக உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் அன்றைக்கு ரொம்ப நேரம் பேசவில்லை.

அந்த அக்காவின் கணக்குக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது என்பதை வழக்கு நடத்துகிற தோழர்கள் அறிவார்கள். ஒரு சம்பவம் நடந்த சமயத்தில் தானே எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொண்டு சாட்சி சொல்லச் சாட்சியச் சட்டம் அனுமதிக்கிறது. 1872ஆம் வருசத்துச் சட்டத்தில் இருந்தது, அதற்குப் பதிலாக 2023இல் கொண்டுவந்த சட்டத்திலும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட (1989) வழக்குகளில் நம் சாட்சிகளை வருசக்கணக்கில் அலைய விட்டுவிட்டுப் பிறகு கூண்டில் ஏற்றி 'என்ன தேதி, எத்தனை மணி, என்ன வார்த்தை சொன்னார்' என்று குடைகிறார்கள். ஒரு சொல் மாறினால் போதும், சாட்சி பொய். தேதி போட்டு எழுதின ஒரு பக்கம் அங்கே என்ன வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீலும் அந்தப் பக்கத்தைப் பார்க்கக் கேட்கலாம், அதை வைத்தே குறுக்கு விசாரணை பண்ணலாம். அதனால் பயந்தோ கோபத்திலோ கூட்டி எழுதக் கூடாது என்றும் பிள்ளைகளிடம் சொல்லி வைக்கிறோம். கணக்குக்கு ஒரு நோட்டு, அழுகைக்கு ஒரு நோட்டு என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

யாருக்குக் காட்டுவது, காட்டாமல் இருப்பது எழுதினவர் இஷ்டம். பட்டறையில் இதுவரை சேர்ந்த நோட்டுகளில் இரண்டு வக்கீல் தோழரிடம் இருக்கின்றன. மூன்றாவது, ஒரு மாணவியுடையது. பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தவள் போன மாதம் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வைத்திருக்கிறாளா எரித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை.